கோனியாவுக்கு அளந்த எண்ணெய்

கேள்வி இதுதான்: "தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைநிற்கும் என்று பைபிளில் வாக்கு இருக்கிறது. ஆனால் எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்த பிறகு அந்த வம்சத்தில் ஒருவரும் அரசாளவில்லை. அப்படியானால் தீர்க்கதரிசனம் பொய்த்துவிட்டதா? எரேமியா கோனியாவைச் சபித்தது எதற்கு? யூதாவைவிட்டுச் செங்கோல் நீங்காது என்ற யாக்கோபின் சொல்லை என்ன செய்வது? கடைசி ராஜாவின் மகள்களை எரேமியா அயர்லாந்துக்குக் கூட்டிப்போனார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அது உண்மையா?"

நான்கு கேள்விகள் இருந்தாலும் முதல் மூன்றின் அடியில் கிடப்பது ஒரே குழப்பம்தான். வம்சம் வேறு, பட்டம் வேறு. வடக்கே யெரொபெயாம் வீட்டுக்கும் ஆகாப் வீட்டுக்கும் ஓர் ஆண் மிஞ்சமாட்டான் என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்கள். தாவீதின் வீட்டுக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை. அங்கே பறிக்கப்பட்டது நாற்காலி. இதைப் பிரித்துப் பார்க்காமல் போவதால்தான் ஒரு பக்கம் "பொய்த்தது" என்றும், இன்னொரு பக்கம் அதை மறைக்க வினோதமான கதைகளும் கிளம்புகின்றன.

முதலில் ஒரு கணக்குப் பட்டியலைப் பார்ப்போம். ராபர்ட் கோல்டவே என்ற ஜெர்மானியர் 1899 முதல் 1917 வரை பாபிலோனைத் தோண்டினார். இஷ்தார் வாசலுக்குப் பக்கத்தில், தெற்கு அரண்மனையின் ஒரு மூலையில், வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாக வெளிப்பட்டன. தொங்கு தோட்டத்தையே கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தார். அங்கிருந்து எடுத்த களிமண் பலகைகளை எர்ன்ஸ்ட் வைட்னர் படித்து 1939இல் வெளியிட்டபோது தெரிந்தது, அது தோட்டக் கணக்கு இல்லை, அரண்மனை ஸ்டோர் கணக்கு. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் 10ஆம் ஆண்டிலிருந்து 35ஆம் ஆண்டு வரை, அதாவது கி.மு. 595 முதல் 570 வரை, யாருக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தானியம் என்று குமாஸ்தாக்கள் எழுதி வைத்தது. கிரேக்கத் தச்சர்கள் இருக்கிறார்கள். அஸ்கலோன் ராஜாவின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே "யூதா தேசத்து ராஜா யௌகீன்".

இந்த யௌகீன்தான் நம் யோயாக்கீன். பைபிளில் இவனுக்கு யோயாக்கீன், எகொனியா, கோனியா என்று மூன்று பெயர்கள். பலகைகளில் ஒன்றில் கி.மு. 592க்குரிய தேதி இருக்கிறது. ராஜாவுக்குத் தனியாக ஒரு பெரிய அளவு எண்ணெய். அதற்குக் கீழே, யூதா ராஜாவின் ஐந்து பிள்ளைகளுக்குச் சேர்த்து இரண்டரை சீலா. ஒரு சீலா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு அரை லிட்டர்.

இப்போது எரேமியா 22ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். "இந்தப் புருஷன் சந்தானமற்றவன்" என்று எழுதுங்கள் என்கிறார் தீர்க்கதரிசி. சந்தானமற்றவனுக்கு எங்கிருந்து ஐந்து பிள்ளைகள்?

பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் வசனத்தை முழுதாக வாசித்தால் மாட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. அடுத்த வரியே "அவன் வித்தில் ஒருவனாகிலும்" தாவீதின் சிங்காசனத்தில் உட்காரப்போகிறதில்லை என்று போகிறது. வித்து இருக்கும் என்று அந்த வசனத்துக்கே தெரியும். முக்கியமான சொல் "எழுதுங்கள்". இது பதிவேட்டு மொழி. பட்டத்துக்கு உரியவர்களின் பட்டியலில் இவன் பெயருக்கு நேரே "வாரிசு இல்லை" என்று போடச் சொல்கிறார். வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடலாம், பட்டியலில் ஒருவரும் இல்லை. பாபிலோனின் குமாஸ்தா அதே ஆளைப் பற்றி எழுதியதோ நேர் எதிர்: இவன் ராஜா, இவனுக்குப் பிள்ளைகள் ஐந்து, எண்ணெய் இவ்வளவு. சிறைபிடித்தவனின் கணக்கில் ராஜாவாகவும் சொந்த ஊர்த் தீர்க்கதரிசியின் கணக்கில் வாரிசு இல்லாதவனாகவும் ஒரே மனிதன் இருந்திருக்கிறான். இந்த விஷயம் முழுவதும் எனக்கு இந்த முரணில்தான் பிடிபடுகிறது.

சரி, அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தின்படி பட்டத்துக்கு வரும்போது அவனுக்கு வயது 18. மூன்று மாதம் இருந்தான். பாபிலோனியரின் சொந்த நாளாகமம் அவர்கள் நகரைப் பிடித்த நாளைக்கூடச் சொல்கிறது: ஆதார் மாதம் 2ஆம் தேதி, நம் கணக்கில் கி.மு. 597 மார்ச் 16. தாயையும் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து சரணடைந்தான். அதனால் நகரம் அந்தத் தடவை எரியவில்லை. அப்பன் வைத்த கடனைப் பிள்ளை கட்டியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அப்பன் யோயாக்கீம். எரேமியாவுக்கு இவன்மேல் இருந்த கோபம் சாமி கும்பிடும் விஷயத்தில் மட்டும் இல்லை. கேதுரு மரம் பதித்து, சிவப்புச் சாயம் பூசி, அகலமான ஜன்னல் வைத்து மாளிகை கட்டினான். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. அதே 22ஆம் அதிகாரத்தில் எரேமியா கேட்பது, கேதுரு மாளிகையில் போட்டிபோட்டால் நீ ராஜாவாகிவிடுவாயா என்று. உன் அப்பன் யோசியாவும் சாப்பிட்டான், குடித்தான், ஆனால் ஏழையின் வழக்கை விசாரித்தான் என்கிறார்.

36ஆம் அதிகாரத்தில் வரும் காட்சியை ஒரு தடவையாவது நிதானமாக வாசித்துவிடுங்கள். ஒன்பதாம் மாதம், குளிர்காலம். ராஜா குளிர்கால அரமனையில் உட்கார்ந்திருக்கிறான், முன்னால் கணப்பில் நெருப்பு. யெகுதி என்ற அதிகாரி எரேமியாவின் சுருளை வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா எழுத்தரின் சூரிக்கத்தியை எடுத்து அந்தப் பாகத்தை அறுத்துக் கணப்பில் போடுகிறான். இப்படியே அறுத்து அறுத்துச் சுருள் முழுவதும் போய்விட்டது. வேண்டாம் என்று கெஞ்சியவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் கெமரியா. சாப்பான் என்ற எழுத்தரின் மகன். சுருளை முதலில் ஜனங்களுக்கு வாசித்ததே இவன் அறையில்தான்.

1982இல் எருசலேமின் தாவீது நகரப் பகுதியில், எரிந்த ஒரு வீட்டில் ஐம்பது சொச்சம் களிமண் முத்திரைகள் ஒரே இடத்தில் அகப்பட்டன. பாப்பிரஸ் ஓலைகளைக் கட்டி, முடிச்சின்மேல் ஒட்டும் சின்னக் களிமண் உருண்டைகள். ஓலைகள் தீயில் போய்விட்டன; அதே தீ களிமண்ணைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. அதில் ஒன்றில் "சாப்பானின் மகன் கெமரியா". ராஜா சுருளை எரித்தான், பாபிலோனியர் ஊரை எரித்தார்கள், எரிக்காதே என்று சொன்னவனின் முத்திரை மட்டும் அந்தச் சூட்டில் வெந்து நின்றிருக்கிறது.

இன்னொன்று. அந்த ஒன்பதாம் மாதம் ஏன் ஊரெல்லாம் உபவாசம் கூறினார்கள்? பாபிலோன் நாளாகமத்தின்படி கி.மு. 604இல், அதே கிஸ்லேவ் மாதத்தில், நேபுகாத்நேச்சார் அஸ்கலோனைப் பிடித்து மண்மேடாக்கினான். எருசலேமிலிருந்து அது ஐம்பது மைல்கூடக் கிடையாது. உபவாசத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அஸ்கலோன் ராஜாவின் பிள்ளைகள்தான் பிற்பாடு எண்ணெய்ப் பட்டியலில் கோனியாவோடு இருந்தவர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுருளை எரித்த யோயாக்கீமுக்கு எரேமியா இரண்டு தண்டனைகள் சொன்னார். அவன் சிங்காசனத்தில் உட்கார அவனுக்கு ஆள் இருக்கமாட்டான், அவன் பிணம் பகலில் வெயிலிலும் இரவில் குளிரிலும் கிடக்கும். ஆனால் அவன் மகன் மூன்று மாதம் உட்கார்ந்தான். "தன் பிதாக்களோடே நித்திரையடைந்தான்" என்று ராஜாக்களின் புத்தகம் அவன் சாவை வழக்கமான சொல்லிலேயே முடிக்கிறது. மூன்று மாதம் உட்கார்ந்ததெல்லாம் ஒரு உட்காரலா என்று கேட்டுத் தப்பிக்கலாம், விளக்கவுரைகள் அப்படித்தான் தப்பிக்கின்றன. என் எண்ணம் வேறு. நடந்ததற்கு ஏற்றபடி சொன்னதைத் திருத்தியிருந்தால் இந்தப் பிசிறு இருந்திருக்காது. எழுதியவர்கள் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தீர்க்கதரிசனம் ஜோசியம் இல்லை, வழக்கும் தீர்ப்பும்.

வழக்கு பழையது. ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டபோதே சாமுவேல் விலையைச் சொல்லிவிட்டார்: உங்கள் பையன்களை ரதத்துக்கு முன்னால் ஓட வைப்பான், பெண்களைச் சமையலுக்கும் தைலம் செய்யவும் எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று வாங்குவான். வடக்கு ராஜ்யம் இதைச் சீக்கிரமாகவே அனுபவித்து முடித்தது. சுமார் 200 வருஷத்தில் 19 ராஜாக்கள். கடைசிக் கால் நூற்றாண்டில் சகரியா என்ற ராஜாவைச் சல்லூம் கொன்றான், சல்லூமை மெனாகேம் கொன்றான், மெனாகேமின் மகன் பெக்காகியாவைப் பெக்கா கொன்றான், பெக்காவை ஓசெயா கொன்றான். சல்லூம் இருந்தது ஒரே மாதம். பிறகு அசீரியர் வந்தார்கள். 27,290 பேரைச் சிறைபிடித்ததாகச் சர்கோன் கல்வெட்டில் பெருமை அடித்துக்கொள்கிறான். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த ஓசியா தீர்க்கதரிசியின் வரி ஒன்று, கடவுள் பேசுவதாக வருவது: "நான் என் கோபத்திலே உனக்கு ராஜாவைக் கொடுத்தேன், என் உக்கிரத்திலே அவனை எடுத்துக்கொண்டேன்." அரசாட்சியைப் பற்றி இவ்வளவு கசப்பான இரண்டு வரி பைபிளில் வேறெங்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

தெற்கே முடிவு சிதேக்கியாவின் காலத்தில் வந்தது. கோனியாவின் சிற்றப்பன், நேபுகாத்நேச்சார் வைத்த ஆள். இவனைப் பற்றி இரண்டு தீர்க்கதரிசனங்கள் ஒன்றுக்கொன்று இடித்தன. எருசலேமில் எரேமியா சொன்னது: நீ பாபிலோன் ராஜாவைக் கண்ணுக்குக் கண் பார்ப்பாய், பாபிலோனுக்குப் போவாய். பாபிலோனில் எசேக்கியேல் சொன்னது: அவன் பாபிலோனுக்குக் கொண்டுவரப்படுவான், ஆனால் அதைக் காணமாட்டான், அங்கேயே சாவான். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லிச் சிதேக்கியா இரண்டையும் நம்பவில்லை என்கிறார் முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். நேபுகாத்நேச்சார் தங்கியிருந்த ரிப்லாவில் இரண்டும் ஒத்துப்போயின. எரிகோ சமவெளியில் பிடிபட்ட அவனை அங்கே கொண்டுபோய், நேபுகாத்நேச்சாரின் முன்னால் நிறுத்தி, பிள்ளைகளை அவன் கண்முன் வெட்டி, பிறகு கண்களைக் குருடாக்கி, விலங்கு போட்டுப் பாபிலோனுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் சிதேக்கியா கதையில் மக்கள் அதிகம் பேசாத ஒரு பகுதி இருக்கிறது, எனக்கு அதுதான் தீர்ப்பின் மையம். முற்றுகை இறுகியபோது, அடிமையாக வைத்திருந்த எபிரெயர்களை விடுதலை செய்வதாக ராஜாவும் பிரபுக்களும் உடன்படிக்கை பண்ணினார்கள். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி நடுவே நடந்து சத்தியம். அடிமைகளை அனுப்பியும் விட்டார்கள். அப்புறம் எகிப்தின் படை வருகிறது என்ற செய்தி வந்ததும் பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகினார்கள். உடனே பிரபுக்கள் அடிமைகளைத் திரும்பப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். எரேமியா 34இல் வரும் பதில் இதுதான்: நீங்கள் விடுதலை கூறவில்லை அல்லவா, இதோ நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் நீங்கள் விடுதலை. பாபிலோனியர் திரும்பி வந்தார்கள். அந்த நேரத்தில் மிச்சம் நின்ற கோட்டை ஊர்கள் லாகீசும் அசெக்காவும் மட்டும் என்று அதே அதிகாரம் சொல்கிறது. 1935இல் லாகீஸ் வாசலில் கிடைத்த மட்பாண்டத் துண்டுக் கடிதங்களில் ஒன்று, லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்று முடிகிறது. எருசலேம் விழுந்தது கி.மு. 587 அல்லது 586இல். இரண்டுக்கும் ஆள் உண்டு.

இனி "என்றென்றைக்கும்" என்ற வாக்கு. இரண்டாம் சாமுவேல் 7இல் நாத்தான் தாவீதுக்குச் சொன்ன வாக்கில் நிபந்தனை இல்லை: மகன் தப்புச் செய்தால் அடிப்பேன், கிருபையை எடுக்கமாட்டேன். ஆனால் அதே தாவீது சாகும்போது சாலொமோனிடம் சொல்வதில் நிபந்தனை வந்துவிடுகிறது: உன் பிள்ளைகள் உண்மையாய் நடந்தால் சிங்காசனத்தில் ஆள் குறையாது. 132ஆம் சங்கீதத்திலும் அந்த "நடந்தால்" இருக்கிறது. ஆக வாக்கு இரண்டு வடிவத்தில் புழங்கியிருக்கிறது. நகரம் விழுந்த பிறகு முதல் வடிவத்தை நம்பியிருந்தவன் நிலை என்ன? 89ஆம் சங்கீதம் அவன் குரல். 37 வசனம் வாக்கை எடுத்துச் சொல்லிப் புகழ்கிறது, சூரியனைப் போல, சந்திரனைப் போல என்று. 38ஆம் வசனத்தில் அப்படியே திரும்பி, நீரே உடன்படிக்கையை ஒழித்து, "அவன் கிரீடத்தைத் தரையிலே தள்ளி அவமானப்படுத்தினீர்" என்கிறது. நீங்கள் கேட்ட முதல் கேள்வியைப் பைபிள் தானே கேட்டிருக்கிறது, உங்களைவிடச் சத்தமாக. சங்கீதத்துக்குள் அதற்குப் பதில் வரவில்லை.

பதில் தேட முயன்றவர்கள் சிறை திரும்பி வந்தவர்கள். கோனியாவைப் பற்றி எரேமியா, அவன் என் வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்றிருந்தார். கி.மு. 520இல் ஆகாய், கோனியாவின் பேரன் செருபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். மோதிரம் என்ற படத்தைத் தற்செயலாக எடுத்திருக்க முடியாது. கழற்றிய மோதிரத்தைத் திரும்ப மாட்டுகிறார். அதோடு ராஜ்யங்களின் சிங்காசனங்களைக் கவிழ்ப்பேன் என்ற வார்த்தையும் சேர்ந்து வருகிறது. பெர்சிய ராஜா தரியு அப்போதுதான் கலகங்களை அடக்கியிருந்தான். பாபிலோனில் மட்டும் இரண்டு பேர் தங்களை நேபுகாத்நேச்சார் என்று சொல்லிக்கொண்டு எழும்பிச் செத்திருந்தார்கள். பெர்சியாவின் கீழ் ஒரு தேசாதிபதியாக இருந்த ஆளைப் பற்றி இப்படிப் பேசுவது ஆபத்தான பேச்சு.

பிறகு செருபாபேல் காணாமல்போகிறான். கொன்றார்களா, திரும்ப அழைத்தார்களா, சாதாரணமாகச் செத்தானா, பைபிளில் ஒரு வரி இல்லை. கி.மு. 515இல் ஆலயம் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்ததை எஸ்றா விவரிக்கும்போது அவன் பெயர் இல்லை. சகரியா 6இல் வெள்ளியும் பொன்னும் கொண்டு கிரீடங்கள் செய்கிறார்கள், அதை வைப்பது பிரதான ஆசாரியன் யோசுவாவின் தலையில்.

அதற்குப் பிறகும் யூதேயாவில் ராஜாக்கள் இருந்தார்கள், தாவீதின் வம்சம் மட்டும் இல்லை. கி.மு. 140இல் சீமோன் மக்கபேயுவைத் தலைவனாகவும் பிரதான ஆசாரியனாகவும் ஏற்றுக்கொண்ட தீர்மானத்தில் ஜனங்கள் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள்: உண்மையுள்ள ஒரு தீர்க்கதரிசி எழும்பும்வரை. ஒரு கைவிரலைக் கதவிடுக்கில் வைத்தது போல. அவன் பேரப்பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளாமல் "ராஜா" என்று நாணயம் அடித்தார்கள். அவர்கள் லேவி கோத்திரத்து ஆசாரியர்கள். தாவீதின் சிங்காசனத்தை அபகரித்தார்கள் என்று சாலொமோனின் சங்கீதங்கள் என்ற பழைய தொகுப்பின் 17ஆம் பாட்டு இவர்களைத் திட்டுகிறது. கி.மு. 40இல் ரோமின் செனட் ஏதோமியனான ஏரோதை யூதருக்கு ராஜா என்று அறிவித்தது.

இப்போது செங்கோல். "சமாதான கர்த்தர் வருமளவும் செங்கோல் யூதாவைவிட்டு நீங்குவதும் இல்லை" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. எபிரெயத்தில் "சமாதான கர்த்தர்" கிடையாது. அங்கே இருப்பது "சீலோ" என்ற ஒரு சொல், இடத்தின் பெயரா, ஆளின் பெயரா, "அதற்கு உரியவன்" என்பதன் பழைய வடிவமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. எசேக்கியேல் 21இல் சிதேக்கியாவின் பாகையைக் கழற்றச் சொல்லும் இடத்தில் அதே யாக்கோபின் சொல்லின் எதிரொலி வருகிறது: கவிழ்ப்பேன், கவிழ்ப்பேன், கவிழ்ப்பேன், "உரிமைக்காரனானவர் வருமட்டும் அது இல்லாதிருக்கும், அவருக்கே அதைக் கொடுப்பேன்."

தமிழில் வாசிக்கும் நமக்கு இங்கே தெரியாமல் ஒரு விஷயம் நடந்துவிடுகிறது. எபிரெயத்தில் மரியாதை விகுதி இல்லை. எல்லாரும் "அவன்"தான், அல்லது எல்லாரும் "அவர்"தான். தமிழில் மொழிபெயர்ப்பவர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். யாக்கோபின் வசனத்தில் யூதாவுக்கு "அவன் பாதங்கள்", வரப்போகிறவருக்கு "அவரிடத்தில்". எசேக்கியேலில் சிதேக்கியாவுக்கு "நீ", வரப்போகிறவருக்கு "அவருக்கே". சகரியாவில் ஆலயத்தைக் கட்டப்போகும் "கிளை" என்ற மனிதனுக்கு "அவர்". ஆனால் இரண்டு அதிகாரம் முன்னால், ஆலயத்தைக் கட்டி முடிக்கப்போகும் செருபாபேலுக்கு "அவன் கைகள்". இருவரும் ஒருவர்தானோ என்று அன்றைக்குக் கேட்டவர்கள் நினைத்திருக்க இடம் உண்டு. தமிழ் வாசகருக்கு அந்தச் சந்தேகமே வராது, "அவன்" ஒரு ஆள், "அவர்" வேறு ஆள். விகுதியே விளக்கவுரை எழுதிவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை, தமிழில் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. எசேக்கியேலின் அந்த வரியில் உரிமைக்காரன் மேசியா இல்லை, தண்டிக்கும் அதிகாரம் பெற்ற நேபுகாத்நேச்சார்தான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. தமிழில் அந்த வாதத்தைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

"செங்கோல் ஏரோதின் காலம்வரை நீங்கவில்லை, அந்நியன் ராஜாவானதும் கிறிஸ்து வந்தார்" என்பது நாலாம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதிவைத்த விளக்கம். நம் பிரசங்கங்களில் இன்றும் கேட்கலாம். கேட்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் இடையில் ஆண்டவர்கள் லேவியர் என்ற உறுத்தல் போகவில்லை. பாபிலோன் தல்மூத் வேறு வழியாகப் போனது: செங்கோல் என்றால் பாபிலோனில் இருந்த சிறையிருப்பின் தலைவர்கள். அந்தத் தலைவர்கள் தங்களைக் கோனியாவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். பார்த்தியர், சாசானியர், பிறகு கலீபாக்கள் காலத்திலும் அந்தப் பதவி இருந்தது. யூத மரபு கோனியாவின் சாபமே நீங்கியது என்றும் சொல்கிறது, சிறையில் மனந்திரும்பினான் என்று. மத்தேயு அவனைத் தயங்காமல் இயேசுவின் வம்சவரலாற்றில் வைக்கிறார். லூக்கா தாவீதின் இன்னொரு மகனான நாத்தான் (தீர்க்கதரிசி நாத்தான் அல்ல) வழியாகச் சுற்றிப் போகிறார். லூக்கா தருவது மரியாளின் வழி என்று அடிக்கடி கேட்பீர்கள். லூக்காவின் அந்தப் பட்டியலில் மரியாள் பெயர் இல்லை. அதோடு சலாத்தியேலும் செருபாபேலும் இரண்டு பட்டியலிலும் வருகிறார்கள், ஆகவே அந்த விளக்கம் முடிச்சை முழுவதும் அவிழ்ப்பதில்லை.

எசேக்கியேலின் அந்த "கவிழ்ப்பேன்" வசனத்தை வைத்து ஆண்டுக்கணக்கு போடுகிறவர்களும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் எருசலேம் விழுந்ததைக் கி.மு. 607 என்று வைத்து, அங்கிருந்து 2,520 ஆண்டுகள் எண்ணி 1914க்கு வருகிறார்கள். பெர்லினில் உள்ள ஒரு வானியல் பலகை நேபுகாத்நேச்சாரின் 37ஆம் ஆண்டில் சந்திரனும் கிரகங்களும் நின்ற இடங்களைப் பதிந்திருக்கிறது, அது கி.மு. 568/567க்குப் பொருந்துகிறது. அவனுடைய 18 அல்லது 19ஆம் ஆண்டில் நகரம் விழுந்தது என்று பைபிளே சொல்வதால், பின்னோக்கி எண்ணினால் 587, 586தான் வரும். 607க்கு எட்டாது.

கடைசியாக அயர்லாந்து. சிதேக்கியாவின் பிள்ளைகள் வெட்டப்பட்டதால் பட்டம் மகள்கள் வழியாகப் போயிற்று, எரேமியா அவர்களைக் கப்பலேற்றி அயர்லாந்துக்குக் கொண்டுபோனார், யாக்கோபு தலைவைத்த கல்லும் கூடப் போயிற்று, அதன்மேல்தான் பிரிட்டன் ராஜாக்கள் முடிசூடுகிறார்கள் என்பது கதை. வம்சமும் பட்டமும் ஒன்று, இரண்டும் எங்காவது உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்ற தவிப்பில் பிறந்தது. அந்தக் கல்லைப் புவியியலாளர்கள் சோதித்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஸ்கோன் என்ற ஊரைச் சுற்றிக் கிடைக்கும் மணற்கல் அது.

மகள்கள் இருந்தது உண்மை. பாபிலோனியர் வைத்த தேசாதிபதி கெதலியாவை மிஸ்பாவில், சாப்பாட்டு வேளையில், ராஜவம்சத்தைச் சேர்ந்த இஸ்மவேல் வெட்டிக்கொன்றான்.  பயந்துபோன ஜனங்கள் எரேமியாவின் பேச்சைக் கேட்காமல், அவரையும் ராஜகுமாரத்திகளையும் கூட்டிக்கொண்டு எகிப்தின் தக்பானேசுக்குப் போனார்கள். அங்கே பார்வோன் அரமனை வாசலில் செங்கல் தளத்தில் கல்லைப் புதைத்து எரேமியா இன்னொரு தீர்க்கதரிசனம் சொன்னார். மகள்களைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. 1886இல் பிளிண்டர்ஸ் பெட்ரி அந்த இடத்தைத் தோண்டினார், நைல் டெல்டாவின் கிழக்கு ஓரத்தில் டெல் டெஃபென்னே. கோட்டைக்கு முன்னால் பெரிய செங்கல் தளம் ஒன்று கிடைத்தது. அந்த இடிபாட்டை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டபோது, அக்கம்பக்கத்து அரபிகள் சொன்ன பெயர் "யூதன் மகளின் கோட்டை".